சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு அசைவு

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஆஸ்பத்திரிக் கணக்குப்படி, கார்குழலியின் வயிற்றுப் பிள்ளை சனிக்கிழமை வரைக்கும் அசைந்து முடித்துவிட்டது. கார்குழலியின் கணக்குப்படி அது முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரே ஒரு தடவைதான் அசைந்திருந்தது. அதுவும் உதையா, வாயுவா என்று அவளுக்குச் சந்தேகம்.

இந்த இரண்டு கணக்கில் எது செல்லுபடியாகும் என்பதுதான் கதை. இதற்கு நடுவில் ஒரு ரிப்பன் வெட்டப்படும், ஒரு பாராட்டுக் கூட்டம் நடக்கும். பயப்படுகிறவர்கள் தாராளமாகப் பயப்படலாம். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கென்றே தனியாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள்.

வடகரை முன்மாதிரித் தாய்சேய் நலமனை என்பது அதன் முழுப் பெயர். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் வலி எடுத்துவிடும் என்பதால் ஆட்டோக்காரர்கள் நலமனை என்று மட்டும் சொல்வார்கள். ராயபுரத்தைத் தாண்டி, கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக நாள் கணக்கில் வரிசை கட்டி நிற்கும் ரோட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் கர்ப்பிணிகள். இரண்டு பக்கமும் காத்திருப்பவர்கள்தான்.

நிறைமாதம் நெருங்கும்போது குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே ஓடி வர வேண்டும், பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று நலமனையில் யாரோ ஒரு பயிற்சி முகாமில் கேட்டு வந்தார்கள். இது நல்ல விஷயம், உண்மையான விஷயம். ஆனால் ஓர் உண்மை அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டால் அதற்கு ஓர் அட்டை தேவைப்படுகிறது. ரோஸ் நிறத்தில் அசைவு அட்டை அச்சடித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். பிள்ளை எத்தனை தடவை அசைந்தது என்று தாய் எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அவளுடைய டோக்கன் வரிசையின் கடைசிக்குப் போகும். பத்துக்குக் கீழே எழுதினால் இரண்டு பக்கத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். எனவே ஒரே வாரத்தில் வடசென்னைக் கர்ப்பிணிகள் எல்லோரும் பத்து என்ற எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து எழுதினால் யாரும் திட்டுவதில்லை.

இந்த வாரம் தரச்சான்று ஆய்வுக்குழு புதன்கிழமை வருவதாக இருந்தது. குழுவின் கண்ணில் ஒரு காலிக் கட்டம்கூடப் படக்கூடாது என்று உத்தரவு. திங்கட்கிழமையே வராந்தா பெஞ்சில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, சனி வரைக்கும் ரொப்பச் சொன்னார்கள். எட்டுப் பேருக்கு ஒரு பேனா. பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதினார்கள். கார்குழலி புதனுக்குப் பத்து, வியாழனுக்குப் பத்து, வெள்ளிக்குப் பதினொன்று என்று எழுதிக்கொண்டே வந்து, சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு போட்டாள். அன்றைக்கு அவள் புருஷன் அசோகனுக்கு லீவு. டிரெய்லர் ஓட்டுகிறவன், வீட்டில் இருந்தால் வயிற்றில் கை வைத்து ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான். பிள்ளை சந்தோஷத்தில் இரண்டு உதை கூடப் போடும் என்று நினைத்தாள்.

அட்டை ஆஸ்பத்திரிக்கு. அவளுக்கென்று அவள் வைத்திருந்த கணக்கு வேறு. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களில் பத்தை வலது கையில் விட்டிருந்தாள். காலையில் டீ குடித்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்வாள். பிள்ளை ஒரு தடவை உதைத்தால் ஒரு வளையல் இடது கைக்கு மாறும். பத்தும் மாறின பிறகுதான் சமையலுக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள். ஏன் இத்தனை கவனம் என்று யாரும் அவளைக் கேட்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தது. தூங்குகிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், அவளும் நம்பினாள். அதற்கு மறுநாள் அசோகன் அதைத் துணியில் சுற்றி மூலக்கொத்தளம் மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

புதன்கிழமை எட்டு மணிக்கு வியாசர்பாடி குடியிருப்பில், நாத்தனார் மதி வேலைக்குக் கிளம்பும்போது கார்குழலி பாயிலேயே கிடந்தாள்.

"இன்னா அண்ணி, இன்னும் படுத்துகினே கீற?"

"மதி, புள்ள ஆடல."

"தண்ணி குட்ச்சியா?"

"குட்ச்சேன். சக்கரய வாய்ல போட்டுகினேன். ரெண்டு மணி நேரமா இந்தப் பக்கமே படுத்துகினு கீறேன். ஒண்ணே ஒண்ணுதான் மாறிச்சி."

மதி அவள் இடது கையைப் பார்த்தாள். ஒற்றை வளையல். வேறு எதுவும் கேட்காமல் டிபன் பாக்சை மேடைமேல் வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

நலமனை வாசலில் மாவிலைத் தோரணம், கோலம், "அசைவே ஆரோக்கியம்" என்று ஒரு பேனர். ஆண்களுக்கு அனுமதி இல்லை. பெண்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் எல்லோரும் முதலில் அசைவுப் பதிவறைக்குப் போக வேண்டும். அங்கே எழுத்தர் ஆசீர்வாதம் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காலடிப்பேட்டைக்குக் குடிவந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எழுதியிருப்பதை எல்லாம் நம்புகிறவர், அவ்வளவுதான்.

"என்னம்மா, இன்னிக்கு உங்க முறை இல்லியே?"

"சார், நேத்து சாய்ங்காலத்துலேர்ந்து புள்ள ஆடல சார்."

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான ஆடியிருக்கு? இன்னிக்குப் பத்து. நாளைக்குப் பத்து. வெள்ளி பதினொண்ணு. சனிக்கிழமை பன்னெண்டு! இந்த வாரம் முழுக்கப் பாத்துட்டேன், உங்க பிள்ளைதாம்மா முதல்ல நிக்கி."

"அது நானா எழுதினது சார். நீங்கதான திங்கக்கெழம எல்லாத்தயும் ரொப்ப சொன்னீங்கோ?"

"ரொப்பத்தான சொன்னேன்? பொய் எழுதவா சொன்னேன்?"

மதி முன்னால் வந்தாள். "சனிக்கெழம இன்னும் வரவே இல்லியே சார். வராத நாள எப்டி சார் நெசமா எழுதறது?"

ஆசீர்வாதம் இதை யோசித்தார். யோசித்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அசைவு மாற்ற விண்ணப்பம். அசையாமல் இருந்த தேதி, நேரம், இடம். அசையாமைக்கான காரணம். அசையாததை நேரில் கண்ட சாட்சிகள் இருவர், முகவரியுடன்.

"உள்ள கீற புள்ள ஆடலன்றத எவன் சார் நேர்ல பாத்துருப்பான்?"

"ஒருத்தர் சொன்னா நம்ப முடியாதுல்லா? அதுக்குத்தான் ரெண்டு பேரு." அவர் பேனாவை உதறிக்கொண்டார். "அதுவும் இன்னிக்குள்ள கட்டத்துக்கு மட்டுந்தான் இப்ப மனு குடுக்கலாம். வியாழன், வெள்ளி, சனியை ரத்து பண்ணணும்னா அந்தந்த நாளு முடியணும். நடக்காத நாளை ரத்து பண்ண நமக்கு அதிகாரம் கிடையாது. ஞாயித்துக்கெழமை லீவு. திங்கக்கெழமை வாங்க."

"திங்கக்கெழமயா?" என்றாள் கார்குழலி. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், மனுல்லாம் அப்பாலிக்கா எழுதிக்கலாம்" என்றாள் மதி. "டாக்டரம்மா யாராச்சும் வவுத்துல கைய வெச்சி பாக்கட்டும். இல்லாங்காட்டி அந்த மிஷின்ல வெச்சி பாருங்க."

"டாக்டர்மாரு பூராவும் ஆய்வுக்குழுவுக்கு ரெடியாவுறாங்கம்மா. நோயாளியப் பாக்குத நாளா இது?"

மிஷின் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் இரண்டு பட்டையைக் கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பை இருபது நிமிஷம் காதுக்கும் கண்ணுக்கும் காட்டும் இயந்திரம் நாலு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது. சந்தனம், குங்குமம் வைத்து, பட்டுத்துணி போர்த்தித் தனியறையில் பூட்டியிருந்தார்கள். தேவையில்லாமல் அதைப் போடக்கூடாது என்பதற்காக ஒரு விதி எழுதினார்கள்: அட்டையில் பத்துக்குக் குறைவாக இருக்கும் தாய்க்கு மட்டுமே இயந்திரம். நாலு மாதத்தில் பத்துக்குக் குறைந்து ஓர் அட்டைகூட வரவில்லை. எனவே இயந்திரம் இன்றுவரை ஒரு நோய்நொடி இல்லாமல் இருந்தது.

பயந்திருக்கும் கர்ப்பிணிகளை மற்றவர்களோடு உட்கார வைத்தால் பயம் பரவும் என்பது நலமனையின் கொள்கை. அதற்காக வராந்தாவின் கோடியில் அமைதி மூலை என்று ஒன்று இருந்தது. ஒரு பெஞ்சு, பிளாஸ்டிக் பூச்செண்டு, சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தையின் படம். ஒப்பந்த நர்ஸ் நவ்ரீன் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். நடக்கும்போதே புடவைக்கு மேல் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"கடைசியா எப்போக்கா?"

"ஏழு மணிக்கு ஒண்ணு, சிஸ்டர். அதுவும் உதையா இன்னான்னு தெரில."

நவ்ரீனின் முகம் மாறியது. "குந்துங்க, இதோ வரேன்" என்று கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் மெல்ல நடந்து திரும்பி வந்தாள்.

"அட்டைல பத்து இருக்காமே. பத்து இருந்தா மிஷின் போடக் கூடாதாம்."

அப்போது சுவருக்கு அப்பால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. அந்த ரோட்டில் பிள்ளை சுமக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும், எந்த அட்டையிலும் அது இல்லை. ஏர் ஹாரன் அடித்தால் வயிற்றுப் பிள்ளை தூக்கிப் போட்டாற்போல் துள்ளும். வராந்தாவின் அந்தக் கோடியில் ஏழெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் "ஸ்ஸ்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கார்குழலி காத்திருந்தாள். ஹாரன் மறுபடியும் அடித்தது, நீளமாக. அவள் வயிறு அரிசி மூட்டை மாதிரி அப்படியே இருந்தது.

"மதி, இதுவும் போயிட்ச்சா?" என்றாள். அழவில்லை. அழுதால் நிஜமாகிவிடும் என்று பயந்தாள்.

மதி போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். எண்ணூர் ரோட்டில் முன்னால் நானூறு வண்டி நிற்கிறது, இறங்கி ஓடி வருகிறேன் என்றான் அசோகன். ஓடி வந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அவள் அதைச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் கண்காணிப்பாளர் டாக்டர் தங்கபுஷ்பம் வராந்தாவில் வந்தார். பட்டுப்புடவை, மார்பில் பூங்கொத்துச் சின்னம். பின்னால் ஆசீர்வாதம் அட்டைக் கட்டைத் தாங்கிக்கொண்டு வந்தார்.

"குழு வந்தாச்சு. மிஷினை டெமோ காட்டணும். எனக்கு ஒரு நார்மல் அம்மா வேணும், ஆசீர்வாதம். பார்த்தாலே நார்மலா இருக்கணும். போன தடவை ரத்த அழுத்த டெமோவுக்கு நிஜமாவே ரத்த அழுத்தம் இருக்கிற ஆளைக் கொண்டு வந்து நிறுத்தி மானத்தை வாங்கினீங்க."

"இந்த வாரத்துல இதாம் மேடம் முதல்" என்று அவர் மேலே இருந்த அட்டையை நீட்டினார். "ஒரு காலிக் கட்டம் கிடையாது. சனிக்கிழமைக்குப் பன்னெண்டு."

"யாரு இந்தக் கார்குழலி?"

ஆசீர்வாதம் சுற்றிப் பார்த்தார். அமைதி மூலையைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்.

கார்குழலி வாயைத் திறந்தாள். மதி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். காதருகில் குனிந்து சொன்னாள்: "அண்ணி, புள்ள ஆடலன்னு மட்டும் சொல்லாத. அழுதா மனு, சிரிச்சா மிஷினு. சிரி."

"இவங்க ஏன் அமைதி மூலைல இருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"காத்துக்கு குந்திகினு கீறாங்கோ மேடம்" என்றாள் மதி. "புள்ள செம ஆட்டம் போடுது, தாங்க முடில."

"சிரிக்கச் சொல்லுங்க."

கார்குழலி சிரித்தாள். பல் தெரிந்தது, கன்னம் மேலே போனது, விதிப்படி எல்லாம் இருந்தது. நவ்ரீன் அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு. போட்டோவுல வரும். வளையலைக் கழட்டிடுங்க, கண்ணாடி உள்ளே வரக்கூடாது."

இடது கையிலிருந்து ஒன்று, வலது கையிலிருந்து ஒன்பது. எண்ணிக்கை கையை விட்டுப் போகிறது என்று கார்குழலிக்குத் தோன்றியது. நவ்ரீன் கைக்குட்டையில் அவற்றை முடிந்து தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இயந்திர அறையில் குழு நின்றது. இருவர். ஒருவர் எழுதினார், மற்றவர் தலையாட்டினார். இயந்திரத்தைச் சுற்றி சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அதை வெட்டினார்கள், கை தட்டினார்கள். கார்குழலியைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஜில்லென்ற பசையைத் தடவி, நவ்ரீன் பட்டைகளைக் கட்டினாள். சுவிட்சைப் போட்டதும் வெறும் இரைச்சல் வந்தது. மழை நாளில் ரேடியோ போல இரைச்சல் மட்டும்.

டாக்டர் தங்கபுஷ்பம் அந்த இடைவெளியில் பேசத் தொடங்கினார்.

"சென்ற காலாண்டில் இந்த நலமனையில் நாற்பதாயிரம் அசைவுகளுக்கு மேல் பதிவு செய்திருக்கிறோம். பத்துக்குக் குறைந்த அட்டை ஒன்றுகூட இல்லை. பயப்படும் தாய்மார்களை உடனடியாகத் தனிமைப்படுத்துகிறோம். எங்கள் அனுபவத்தில், தாயிடம் கேட்பதைவிட அட்டையைக் கேட்பது நம்பகமானது. தாய் உணர்ச்சிவசப்படுவாள். அட்டை படாது."

தலையாட்டுகிறவர் ஆட்டினார். நவ்ரீன் பட்டையை நகர்த்திக்கொண்டே இருந்தாள். மேலே, கீழே, இடது பக்கம். இரைச்சல்தான். கார்குழலி கூரையில் ஓடிய விரிசலைப் பார்த்தாள். அது மூலக்கொத்தளம் வரைக்கும் போவதாகத் தெரிந்தது.

பிறகு வந்தது. டக், டக், டக், டக். ஓடி வருகிற காலடிச் சத்தம். திரையில் 128. கார்குழலியின் வாயிலிருந்து ஒரு ஒலி வந்தது, அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கீது, உள்ளே கீது.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் வயிறு கல்லாக இறுகியது. காலடி தயங்கியது. டக்... டக்... 104. 91. 80.

"குழந்தை அமைதியடைகிறது" என்றார் டாக்டர் தங்கபுஷ்பம். "நம்முடைய சூழலின் பலன் இது."

எழுதுகிறவர் நிமிர்ந்தார். "நூற்றுப் பத்துக்குக் கீழே போகலாமா?"

"காலையிலிருந்தே இந்தப் பக்கம் லோ வோல்டேஜ்" என்றார் ஆசீர்வாதம்.

டக்...... டக்...... 72. சுவருக்கு அப்பால் யாரோ ஹாரனில் கையை வைத்து எடுக்காமலே அழுத்தினார்கள். அறை அதிர்ந்தது. காலடி வேகமெடுக்கவில்லை. இன்னும் மெதுவானது.

"இன்னாத்துக்குடி நின்னுகினு கீறீங்கோ?" என்று கார்குழலி கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "எம்புள்ள போவுதுடி!"

நவ்ரீன் அவளை இழுத்து இடது பக்கம் திருப்பினாள். "மேடம், தியேட்டர்! மேடம்!"

டாக்டர் தங்கபுஷ்பம் பேச்சுக் காகிதத்தோடு நின்றார். அவரைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். கண்காணிப்பாளர் நாற்காலிக்கு வருமுன் அவர் பதினெட்டு வருஷம் பிரசவம் பார்த்தவர். அந்தச் சத்தம் அவர் காதுக்குப் பழக்கமானதுதான், கொஞ்ச காலமாகக் கேட்கும் வாய்ப்பு இல்லாமல் போயிருந்தது. காகிதம் கையிலிருந்து விழுந்தது. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "தள்ளுங்கய்யா!" என்று ஆய்வுக்குழுவைத் தோளால் இடித்து நகர்த்தினார். கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார். வெட்டின ரிப்பன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு தியேட்டர் வரைக்கும் கூடவே ஓடியது.

முதுகில் ஊசி போட்டதால் கார்குழலி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அவசரமான கைகள். "கழுத்துல கொடி ரெண்டு சுத்து" என்று யாரோ சொன்னது கேட்டது. அவள் மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வளையல் இல்லாத கை மாற்ற எதுவுமில்லாமல் துணியைப் பிசைந்தது. இருபத்தாறு எண்ணும்போது கதவுக் கீல் போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. இருபத்தேழில் அது அழுகையானது.

பெண் குழந்தை. மூச்சு சீராகும்வரை கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

வியாழக்கிழமை பார்வையாளர் நேரத்தில் கேட்டைத் திறந்து விட்டார்கள், அசோகன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆசீர்வாதம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ராத்திரி பூரா தூங்கல தம்பி. பிள்ளை புதன்கிழமை வெளிய வந்தாச்சு. ஆனா பதிவுல வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் வயித்துக்குள்ள அசையிது. ரெண்டையும் ஒரே பிள்ளைன்னு எப்படி எழுதுதது? பிறந்த நாளை ஞாயித்துக்கெழமைன்னு போட்டுட்டா ஒரு சிக்கலும் இல்ல."

அசோகனுக்கு எதுவும் புரியவில்லை. மதிதான் பதில் சொன்னாள். "ஞாயித்துக்கெழம லீவுன்னியே சார்?"

இதை ஆசீர்வாதம் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. படிவங்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பாராட்டுக் கூட்டம். நலமனைக்குத் தரச்சான்று கிடைத்துவிட்டது. இயந்திரத்தில் படுத்ததிலிருந்து பத்தொன்பது நிமிஷத்தில் குழந்தையை வெளியே எடுத்ததை ஆய்வுக்குழு சிறப்பாகக் குறிப்பிட்டிருந்தது. டாக்டர் தங்கபுஷ்பம் திரும்பவும் பட்டுப்புடவையில் இருந்தார். "இந்த அட்டை இல்லையென்றால் அந்தத் தாயை நாம் தேர்ந்தெடுத்திருக்கவே முடியாது" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மறுநாளிலிருந்தே ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு அட்டை என்று அறிவித்தார்கள். இயந்திரத்தைத் துடைத்து, புதுப் பட்டுத்துணி போர்த்திப் பூட்டினார்கள்.

சனிக்கிழமை காலை கார்குழலி கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு தடவை, கால் ஒரு தடவை. டீ வருவதற்குள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அவளால் எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. பயம் இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. நவ்ரீன் திருப்பிக் கொடுத்த பத்து வளையலும் வலது கையில் இருந்தன.

வராந்தா வழியாகத் திரும்பும்போது பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் இரண்டிரண்டு அட்டை. அதே ஒற்றைப் பேனா. அது கடைசியில் இருந்த சின்னப் பெண்ணிடம் இருந்தது. மகிமா என்று பெயர், தலைப்பிள்ளை, தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் வீட்டு மருமகள். இன்றைய கட்டத்தில் ஒன்று போட்டுப் பக்கத்தில் சைபர் போடப் போனாள்.

"புள்ள ஆடுதாம்மா?" என்றாள் கார்குழலி.

"ஆடும்க்கா. காலைலேர்ந்து கவனிக்கல. இதை ரொப்பிட்டு அப்புறமா..."

கார்குழலி பேனாவைப் பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் தையல் இழுத்தது. "மொதல்ல எண்ணு. எல்லாரும் எண்ணுங்கோ." வளையல்களைக் கழற்றி மகிமாவின் வலது கையில் மாட்டினாள். "ஒதச்சா ஒண்ண இந்தக் கைக்கு மாத்து. பத்து மாறுற வரைக்கும் எவளும் எழுதக்கூடாது."

வளையல் இருந்தவர்கள் வளையலை மாற்றினார்கள், இல்லாதவர்கள் விரலை மடக்கினார்கள். வராந்தா அமைதியானது. இது அமைதி மூலையின் அமைதி இல்லை. முக்கால் மணி கழித்து ஆசீர்வாதம் அட்டை வாங்க வந்தார்.

"என்ன, ஒருத்தரும் எழுதலியா?"

"எண்ணிக்கினு கீறோம் சார். செத்த குந்து" என்றாள் கார்குழலி.

அவர் குந்தவில்லை. எதையோ சொல்லப் போனார். அதற்குள் சுவருக்கு அப்பால் ஹாரன் அடித்தது, நீளமாக. பெஞ்சில் ஏழு பேர் "ஸ்ஸ்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மகிமா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். பிறகு கார்குழலியைப் பார்த்தாள். மகிமாவின் இடது கையில் ஒரே ஒரு வளையல் இருந்தது.

"அக்கா, ஒண்ணுதான்."

கார்குழலி பேனாவை அவள் கையில் வைத்தாள். "அத்த எழுது. ஒண்ணு போட்டுதானே கீற? அதோட வுட்டுடு. சைபர் போடாத."

மகிமா அட்டையை நீட்டினாள். ஆசீர்வாதம் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நாலு மாதத்தில் அவர் அப்படி ஓர் எண்ணைப் பார்த்ததில்லை. அவருடைய உதடுகள் விதியை முணுமுணுத்தன. பத்துக்குக் குறைவாக இருக்கும் தாய்க்கு.

"விதிப்படி..." என்றார். "விதிப்படி மிஷின்தானம்மா போடணும்."

பிறகு, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், சாவியை எடுக்க ஓடினார்.